விடிந்தால் வெள்ளி

சிவமயம்

பாளையங்கோட்டை
8.7.1996

அன்புள்ள சித்ராவுக்கு,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே? திருச்செந்தூரில் ஒரு மகளிர் கல்லூரியில் கணிதம் எடுக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். இந்தப் பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும் என்று நான் அன்றைக்கே எல்லோரிடமும் சொன்னேன்.

காரியத்துக்கு வருகிறேன். தாமிரபரணி வெள்ளம் பற்றிய நம் ஆராய்ச்சி உனக்கு மறந்திருக்காது. பாபநாசத்தில் வெள்ளம் கிளம்பினால் திருநெல்வேலிக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் எழுதிய கட்டுரை நல்ல பேர் வாங்கியது. இப்போது டெல்லியில் ஒரு குழு அதை வைத்து ஆற்றங்கரை ஊர்களுக்கு எச்சரிக்கை கொடுக்கும் ஏற்பாடு செய்யலாம் என்கிறது. ஆனால் புதிதாக ஒரு வழக்கம் கொண்டுவந்திருக்கிறார்கள். கட்டுரை மட்டும் போதாதாம். அணைக்கட்டுகளில் எடுத்த நீர்மட்ட அளவுகள், கணக்குப் போட்ட புரோகிராம், அதை எப்படி ஓட்டுவது என்ற குறிப்பு, எல்லாவற்றையும் பிளாப்பியில் ஏற்றி ஒரே கட்டாக அனுப்ப வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாலும் கட்டுரையில் உள்ள அட்டவணை அப்படியே வர வேண்டும்.

என் பிளாப்பிகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. துறையில் இருந்த பழைய மெஷினையும் ஏலத்தில் போட்டுவிட்டார்கள். புரோகிராம் எழுதியவள் நீ. உன்னிடம் ஒரு பிரதி இல்லாமல் இருக்காது. செப்டம்பர் கடைசிக்குள் கட்டைத் தயார் பண்ணிக் கொடுத்துவிடு. துறைத் தலைவர் பதவிக்கு என் பேர் அடிபடுகிறது. இது கைகூடினால் அதுவும் கைகூடும். பழையதை எல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன் நலம் விரும்பும்
குமரகுருபரன்


திருச்செந்தூர்
15.7.1996

குமரகுருபரன் அண்ணாச்சிக்கு,

என் பேர் சித்ரலேகா. என் வீட்டில்கூட யாரும் அதை வெட்டிக் கூப்பிடுவதில்லை.

ஆராய்ச்சி என்று வரும்போது 'நம்' ஆராய்ச்சி. கட்டுரை என்று வரும்போது 'நான்' எழுதிய கட்டுரை. வேலை இருந்தால் நாம், பேர் கிடைத்தால் நான். நன்றாக இருக்கிறது அண்ணாச்சி.

மனசில் வைத்துக்கொள்ளாதே என்கிறீர்கள். வேறு எங்கே வைப்பது? முக்கூடல், சுத்தமல்லி, மருதூர் என்று வெயிலில் அணைக்கட்டு அணைக்கட்டாக அலைந்தது நான். மதகு திறந்து மூடி நீர்மட்டம் பார்த்து எழுதுகிற லஸ்கர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் எழுதியதை எல்லாம் படி எடுத்தது நான். படி எடுக்கும்போதே தெரிந்தது, அவர்கள் விடியும் முன் எடுக்கிற அளவை முதல் நாள் தேதியில்தான் எழுதுகிறார்கள். வியாழக்கிழமை ராத்திரி மூன்று மணி என்றால் அது விடிந்தால் வெள்ளி. நம் ஊரில் யாருக்கு இது தெரியாது? கோயில் கொடை விழா நோட்டீஸில்கூட அப்படித்தானே போடுகிறோம். சூரியன் வந்தால்தான் நமக்கு மறுநாள். கம்ப்யூட்டருக்கு நடுராத்திரியிலேயே மறுநாள். அதனால் அந்த அளவுகளுக்கு ஒரு நாள் கூட்ட வேண்டும் என்று உங்களிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்கவில்லை. தேதியை அப்படியே ஏற்றினீர்கள். பாபநாசத்தில் கிளம்பும் முன்னாலேயே தண்ணீர் திருநெல்வேலிக்கு வந்துவிட்டதாகக் கணக்கு காட்டியது. உடனே, லஸ்கர்கள் தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டார்கள் என்று இரவு அளவுகளை மொத்தமாகத் தூக்கி எறிந்தீர்கள். சாயங்காலம் கிளம்பி விடியும் முன் ஊருக்குள் புகுந்த வெள்ளம் கணக்கிலேயே இல்லை. ஆற அமர விடிந்த பிறகு வந்த வெள்ளம் மட்டும் கணக்கில் உண்டு. அப்புறம் கட்டுரையில் பதினைந்து மணி நேரம் என்று வராமல் என்ன வரும்?

அதோடு விட்டீர்களா? நான் அளவுகளைக் கெடுத்துவிட்டேன் என்று சிவசைலம் சாரிடம் போய்ச் சொன்னீர்கள். எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் அவர். அத்தனை பேர் உட்கார்ந்திருந்த கருத்தரங்கில், "இந்தப் பிள்ளை ராத்திரிக் கணக்கை எல்லாம் கொண்டாந்து சேத்து ஆராய்ச்சியையே குட்டிச்சுவராக்கிட்டு. இனிமே இதுக்கு இங்கன வேலை இல்ல" என்றார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தீர்கள். என் பிஎச்.டி. அன்றோடு போயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள் வரைக்கும் அந்தக் கதை வந்தது.

பிரதி என்னிடம் இருக்கிறது. ஒரு எழுத்துகூட அழியாமல் இருக்கிறது. தருவதாக இல்லை.

சித்ரலேகா


சிவமயம்

பாளையங்கோட்டை
22.7.1996

சித்ரலேகாவுக்கு,

இவ்வளவு கோபம் ஆகாது. அந்தக் காலத்தில் சார் சொன்னதை எதிர்த்துப் பேசுகிற நிலைமையிலா நான் இருந்தேன்? எனக்கும் வேலை நிரந்தரம் ஆகாத நேரம். உனக்கே தெரியும்.

வேண்டுமானால் நன்றியுரையில் 'கணிப்பொறி உதவி' என்று உன் பேரைப் போட்டுவிடுகிறேன். அதற்கு மேல் இழுக்காதே. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த அளவுகள் துறைக்குச் சொந்தமானவை. துறையின் சொத்தை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் வைத்திருக்கிறாய் என்று உன் கல்லூரி முதல்வருக்கு நான் ஒரு கடிதம் எழுதினால் உனக்குத்தான் சங்கடம். எழுத வைக்காதே.

குமரகுருபரன்


திருச்செந்தூர்
5.8.1996

குமரகுருபரன் அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த ஆத்திரத்தில் உடனே பதில் எழுதியிருந்தால் நாகரிகமாக இருந்திருக்காது. இரண்டு வாரம் யோசித்தேன். கட்டைத் தயார் பண்ணித் தருகிறேன்.

ஆனால் மூன்று விஷயம். நன்றியுரையில் என் பேர் வேண்டாம். எங்கேயுமே வேண்டாம். இரண்டாவது, டெல்லிக்காரர்கள் கேட்டபடி அளவுகள் முழுசாகப் போகும். எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் எடுக்கமாட்டேன். மூன்றாவது, கட்டின் முதல் பக்கத்தில் நீங்கள் ஒரு உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதில் உள்ள அளவுகள், புரோகிராம், குறிப்புகள் அத்தனையும் உங்களுடைய வேலை, எல்லாவற்றையும் நீங்களே ஓட்டிச் சரிபார்த்தீர்கள், முழுப் பொறுப்பும் உங்களுடையது என்று. நாளைக்கு யாரும் வந்து என்னைக் கேள்வி கேட்கக் கூடாது பாருங்கள்.

எல்லாமே உங்களுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

சித்ரலேகா


சிவமயம்

பாளையங்கோட்டை
12.8.1996

அன்புள்ள சித்ரலேகாவுக்கு,

இப்போதுதான் நீ கெட்டிக்காரப் பிள்ளை. கையெழுத்து என்ன, பத்து இடத்தில் வேண்டுமானாலும் போடுகிறேன். என் வேலைக்கு நான் பொறுப்பேற்காமல் வேறு யார் ஏற்பது?

ஒன்றே ஒன்று. அந்த இரவு அளவுகள் கட்டில் இருந்தாலும் கணக்கில் வராதபடி பார்த்துக்கொள். கட்டுரையின் அட்டவணை பிசகாமல் வர வேண்டும். குறிப்பைக் கொஞ்சம் விரிவாகவே எழுது. நிறைய பக்கம் இருந்தால் டெல்லியில் மதிப்பு. பதவிக்கான நேர்காணல் நெருங்குகிறது. அந்த அலைச்சலில் என்னை வேறு எதற்கும் கூப்பிடாதே.

குமரகுருபரன்


திருச்செந்தூர்
10.9.1996

குமரகுருபரன் அண்ணாச்சிக்கு,

கட்டு தயார். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பிளாப்பிகளை இரட்டைப் பிரதியாக வைத்திருக்கிறேன். கடற்காற்று பட்டுக் கெடாமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டியிருக்கிறது. அளவுகள் தனி, புரோகிராம் தனி, குறிப்பு தனி. கம்ப்யூட்டரே தெரியாதவர்கூட ஒரு வார்த்தையைத் தட்டி என்டரை அழுத்தினால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

என் மெஷினில் ஓடுவது பெரிசில்லை. வேறு மெஷினில் ஓட வேண்டும். அதனால் மேலப்பாளையத்தில் காஜா முகைதீன் அண்ணன் நடத்துகிற கம்ப்யூட்டர் சென்டருக்கு எடுத்துப் போனேன். துபாயில் சம்பாதித்த பணத்தில் வைத்த சென்டர். நம் ஆராய்ச்சி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. குறிப்பை மட்டும் கையில் கொடுத்துவிட்டு நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு இடத்தில் முழித்தார். அந்த இரண்டு இடத்தையும் திருத்தி எழுதினேன். மறுபடி ஓட்டினார், அட்டவணை பிரிண்டரில் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், ராத்திரியில தண்ணி இம்புட்டு வெரசலா வந்துருமா? எங்க சாச்சா வீடு ஆத்தங்கரையிலதான கெடக்கு" என்று கேட்டார். அவர் முகமே மாறிப்போயிற்று.

இரவு அளவுகள் பற்றி நீங்கள் எழுதியதற்கு உரிய இடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் கட்டுரை அட்டவணை ஒரு எண்கூடப் பிசகாமல் வரும். குறிப்பு விரிவாகவே இருக்கிறது.

ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். ஓட்டிப் பாருங்கள். குறிப்பை முதலிலிருந்து கடைசிவரை படியுங்கள். அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். படிக்காமல் போடாதீர்கள். நான் சொல்லவில்லை என்று பிறகு சொல்லக் கூடாது.

சித்ரலேகா


சிவமயம்

பாளையங்கோட்டை
18.9.1996

சித்ரலேகாவுக்கு,

கட்டு கிடைத்தது. பைண்டிங் எல்லாம் பிரமாதம். துறையில் எல்லோரும் புரட்டிப் பார்த்து அசந்துபோனார்கள். எனக்கு உட்கார்ந்து ஓட்டிப் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது? நீ பார்த்தால் நான் பார்த்த மாதிரிதான். கையெழுத்துப் போட்டு அன்றைக்கே டெல்லிக்கு அனுப்பிவிட்டேன். சிவசைலம் சாரும் அந்தக் குழுவில் ஒரு உறுப்பினர். நமக்கு அனுகூலம்தான்.

குமரகுருபரன்


பாளையங்கோட்டை
2.12.1996

சித்ரலேகா,

பாவி, என் கழுத்தை அறுத்துவிட்டாயே.

டெல்லியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கட்டில் அட்டவணை ஒன்று இல்லையாம், இரண்டாம். முதலாவது கட்டுரையில் இருப்பது. இரண்டாவது, இரவு அளவுகளுக்கு ஒரு நாள் கூட்டிச் சேர்த்தது. அதில் தண்ணீர் ஒன்பது மணி நேரத்தில் வந்துவிடுகிறது. முதல் அட்டவணை ஏன் தப்பு என்று குறிப்பில் நாலு பக்கம் எழுதியிருக்கிறது. எந்தெந்த அளவு, எந்தக் காரணமும் இல்லாமல், யாரால் தூக்கி எறியப்பட்டது என்பது வரைக்கும் இருக்கிறது. கீழே என் கையெழுத்து! நானே என்னைத் தப்பு என்று நாலு பக்கம் எழுதி, நானே சரிபார்த்ததாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்! ஊர் சிரிக்காதா?

இதைவிட மோசம் என்ன தெரியுமா? அவர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள். தன் தவறைத் தானே வெளிப்படுத்திய நேர்மை என்று எழுதியிருக்கிறார்கள். ஜனவரியில் குழு திருநெல்வேலிக்கே வருகிறது. அவர்கள் முன்னால் நான் கட்டை ஓட்டிக் காட்டி, சூரிய உதயக் கணக்கை விளக்க வேண்டுமாம். சிவசைலம் சார் எதிரில் உட்கார்ந்திருப்பார். உன்னை வெளியே அனுப்பியது எந்தக் கணக்குக்காகவோ, அதே கணக்கை நான் அவரிடம் சரி என்று வாதாட வேண்டும். எனக்கு அந்தப் புரோகிராமில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நீ வந்துவிடு. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து நீயே பேசு. உன் பேரை முதலில் போடுகிறேன். எழுதிக் கொடுக்கிறேன். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

குமரகுருபரன்


திருச்செந்தூர்
9.12.1996

குமரகுருபரன் அண்ணாச்சிக்கு,

நான் எதையும் ஒளிக்கவில்லை. படியுங்கள் என்றேன், ஓட்டிப் பாருங்கள் என்றேன். நீங்கள் பைண்டிங்கைப் பார்த்தீர்கள்.

நீங்கள் படிக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய எதையும் நீங்கள் எந்தக் காலத்தில் படித்தீர்கள்? கட்டை ஒட்டும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஒட்டினேன். கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுதுவேன் என்று மிரட்டினீர்களே, அந்த ஒரு வரி இல்லாவிட்டால் ஒருவேளை உங்களுக்குப் பாவம் பார்த்திருப்பேன்.

நான் வரமாட்டேன். என் பேரை முதலிலும் போட வேண்டாம், கடைசியிலும் போட வேண்டாம். அத்தனையும் உங்களுடைய வேலை என்று நீங்கள்தான் உறுதிமொழி கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் வேலையை விளக்க நான் எதற்கு? குறிப்பு இருக்கிறது. காஜா முகைதீன் அண்ணனுக்குப் புரிந்தது உங்களுக்கும் புரியும். உட்கார்ந்து படியுங்கள்.

ஏன் சூரிய உதயம் என்று கேட்டால் உங்கள் அம்மா சொன்னதைச் சொல்லுங்கள். ஒருநாள் நான் உங்கள் வீட்டில் சாப்பிட்டபோது, "எம் மவன் பொறந்தது செவ்வாக்கெழம ராத்திரி, விடிஞ்சா புதன்" என்று அவர்கள் சொன்னார்கள். நீங்களும் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

நான் சொன்னபோது உங்களுக்குக் காது கேட்கவில்லை. இனி உங்கள் வாயாலேயே அதைச் சொல்லுங்கள். சார் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சித்ரலேகா


பாளையங்கோட்டை
27.1.1997

சித்ரலேகா அவர்களுக்கு,

கூட்டம் முடிந்துவிட்டது. என்ன நடந்தது என்பதை வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே எழுதிவிடுகிறேன்.

ஒரு மாதம் குறிப்பைப் படித்தேன். முதலில் எரிச்சலோடு படித்தேன், அப்புறம் பயத்தோடு. கடைசியில், இது இவ்வளவு எளிதா, இதையா கேட்காமல் விட்டோம் என்று என் மேலேயே கோபம் வந்தது. கூட்டத்தில் நான்தான் தட்டினேன். இரண்டு அட்டவணையும் வந்தன. டெல்லிக்காரர் ஒருவர் ஏன் உதயம் என்று கேட்டார். அம்மா சொன்னதைச் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்தது.

சிவசைலம் சார் மட்டும் அட்டவணையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஏன்வே, இது நீரு யோசிச்சதா? உண்மையைச் சொல்லும்" என்றார். நான் குறிப்பைப் புரட்டினேன். "உமக்கு இம்புட்டு யோசனை ஓடாதுவே. யாருன்னு சொல்லும்" என்று மறுபடி கேட்டார். எல்லோர் முன்னாலும் உங்கள் பேரைச் சொன்னேன். உறுதிமொழி பொய் என்றும் சொல்லியாயிற்று. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளையை நான்லா வெளிய அனுப்பினேன்" என்றார்.

ஒன்பது மணி நேரக் கணக்கை வைத்தே எச்சரிக்கை ஏற்பாடு நடக்கும். ஆற்றங்கரையில் இனி ராத்திரியிலும் ஆள் இருப்பார்கள். அந்த வேலை என் கையில் இல்லை, வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். துறைத் தலைவர் பதவியும் போய்விட்டது. கட்டுரை தவறு என்று பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். துறையில் என்னோடு டீ குடிக்க வருகிறவர்கள்கூடக் குறைந்துவிட்டார்கள்.

ஒன்று கேட்கிறேன். இப்போதாவது உங்கள் மனசு ஆறிற்றா?

குமரகுருபரன்


திருச்செந்தூர்
3.2.1997

குமரகுருபரன் அண்ணாச்சிக்கு,

ஆறவில்லை. பொய் சொல்வானேன்?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை, உங்களோடு டீ குடிக்க ஆள் வருவதில்லை என்ற இடத்தில் நன்றாக வேண்டும் என்று சத்தமாகவே சொன்னேன். அடுத்த அறையில் இருந்த ஆசிரியை எட்டிப் பார்த்தாள். மூன்றாம் முறை படித்தபோது அழுதேன். உங்களுக்காக இல்லை. என் பேரை நாலு பேர் முன்னால் சொல்ல உங்களை இவ்வளவு தூரம் கழுத்தைப் பிடித்து நெட்ட வேண்டியிருந்ததே என்று அழுதேன்.

சிவசைலம் சாரும் எழுதியிருந்தார். திரும்பி வா, நானே வழிகாட்டியாக இருக்கிறேன் என்கிறார். நடந்ததற்கு வருத்தம் என்று ஒரு சொல் அதில் இல்லை. நான் பதில் போடவில்லை. வேறு பல்கலைக்கழகத்தில், வேறு வழிகாட்டியிடம், இதே ஆற்றை வைத்து இதே தலைப்பில் பதிவு செய்துவிட்டேன். இந்த முறை ஒரு ஆள் பேர்தான் போகும்.

ஆய்வு முடிந்ததும் பொது வாய்மொழித் தேர்வு வைப்பார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. உங்களுக்கும் அழைப்பு அனுப்புவேன். சாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பின்னால் போய் ஒளியாமல் முன்வரிசையில் உட்காருங்கள். நான் முதலிலிருந்து கடைசிவரை பேசுவேன். கேளுங்கள். முடிந்ததும் எழுந்து, எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

சித்ரலேகா